வரைபடம் தாங்கும் சிறு தகடு

மலைவழி நடப்போர்க்கும், மோட்டார் வண்டியில் நெடுந்தூரம் செல்வோர்க்கும் இக்காலத்தில் உற்ற துணையாய் அமைந்திருப்பது ஜி.பி.எஸ். என வழங்கும் வழிகாட்டிக் கருவியாகும். இக்கருவியை வாங்குங்கால் பத்துக் கடை ஏறி இறங்குவோரும், அதனுள்ளிருந்து வரைபடத்தைத் தாங்கும் மெமரி கார்டை வாங்குங்கால், கடைக்காரர் நீட்டியதைக் கேள்வியின்றிப் பெற்றுக்கொண்டு வீடு திரும்புகின்றனர். நாமும் அவ்வாறே செய்தோம், செய்து பட்டோம். பட்டபின் நமக்குத் தோன்றிய சில கருத்துக்களை நம் கல்லூரி நண்பர்களுக்கு எடுத்துரைப்பது நம் கடமையெனக் கருதுகின்றோம்.

முதற்கண் நடந்ததைச் சொல்லிவிடுவோம். சென்ற ஆண்டு நம் கல்லூரி மலைநடைக் கழகத்தார், வனத்துறையினரிடம் முறைப்படி அனுமதி பெற்று, பழனிமலையின் மேற்பரப்பில் இரண்டு நாள் நடந்து வரப் புறப்பட்டோம். கழகத்துக்கெனக் கைக்கருவியொன்று உண்டு. அதன் சொந்த நினைவகத்தில் சாலைப் படம் மட்டுமே இருந்தது. ஒற்றையடிப் பாதைகளும், மலையின் ஏற்றவிறக்கங்களைக் காட்டும் சமவுயரக் கோடுகளும் அடங்கிய படத்தை ஒரு கார்டில் ஏற்றிச் செல்லுதல் வேண்டும். நகரத்துக் கடைத்தெருவில் 64 ஜி.பி. என்று பெரிதாக அச்சிட்ட கார்டொன்று பாதி விலைக்குக் கிடைத்தது. பாதி விலைக்கு ஏன் தருகின்றார் என்று நம்முள் ஒருவரும் வினவவில்லை. பேரம் படிந்த மகிழ்ச்சியில் அவ்வினா எழவுமில்லை.

அக்கார்டைக் கருவி ஏற்காமையால், நம் மாணாக்கருள் ஒருவர் அதனைக் கணினியிலிட்டு, கருவிக்கு ஏற்ற முறையில் ஃபார்மட் செய்தார். இடம் ஏராளமாக இருக்கின்றதே என்று, கொடைக்கானலிலுள்ள நண்பர் ஒருவருக்குத் தருவதற்காகக் கல்லூரி நாள் விழாப் படங்களை முதலில் அதில் நிரப்பினார். வரைபடத்தை இறுதியில் ஏற்றினார். கணினி ஒரு குறையும் கூறவில்லை. கோப்புகளின் பெயர்கள் வரிசையாகத் தெரிந்தன. பேருந்திற் செல்லுங்கால் கருவி சாலைகளைத் தெளிவாகக் காட்டியது. எல்லாம் செம்மையாக உள்ளதென்றே நம்பினோம்.

இரண்டாம் நாட் பிற்பகல், நம்முள் ஒரு மாணவருக்குக் கணுக்கால் பிசகியதனால், எழுவர் பின்தங்கினோம். வனக் காவலரும் ஏனையோரும் முன்னே சென்றுவிட்டனர். அப்பொழுது பனிமூட்டம் இறங்கிற்று. புற்றரையும் சோலையும் மாறி மாறி வரும் அம்மலையில், பிற்காலத்தில் நட்ட சீகையும் பைனும் தைலமரமும் அடர்ந்த இடங்கள் பல உண்டு. பனியில் அவையெல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். பாதை இரண்டாகப் பிரிந்தவிடத்தில் நின்று கருவியைத் திறந்தோம். நாம் நிற்குமிடத்தைக் குறிக்கும் அம்பு திரையின் நடுவில் இருந்தது. அதனைச் சுற்றி வெறுமை. ஒரு கோடில்லை, ஒரு பெயரில்லை. அட்சரேகையும் தீர்க்கரேகையும் பிழையின்றித் தெரிந்தன. ஆயினும் இவ்விரண்டு பாதைகளுள் எது ஊருக்குச் செல்லும், எது பள்ளத்தில் முடியும் என்பது தெரியவில்லை. இரண்டு மணி நேரம் அவ்விடத்திலேயே குளிரில் ஒடுங்கி நின்றோம். கால் பிசகிய மாணவர் வலியைப் பொறுத்துக்கொண்டு எங்களுக்கு வேடிக்கைக் கதைகள் சொன்னார். இருட்டியபின் காவலர் ஊதலொலியுடன் திரும்பி வந்து எங்களை மீட்டார். அவரிடம் கருவியும் இல்லை, கார்டும் இல்லை.

ஊர் திரும்பியபின் அக்கார்டைச் சோதித்ததில் அதன் மெய்யான கொள்ளளவு 8 ஜி.பி. மட்டுமே என்பது தெரிந்தது. எட்டுக்கு மேல் எழுதிய யாவும் காற்றில் எழுதியவையே. நூல்நிலையத்தின் பெயர்ப்பட்டியலில் புத்தகம் இருக்க, அலமாரியில் அது இல்லாதவாறு, வரைபடத்தின் பெயர் இருந்தது, பொருள் இல்லை.

நிற்க. இங்கே நம்மவருள் பலர்க்கும் உள்ள ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். வானத்திலுள்ள செயற்கைக் கோள்களே நமக்கு வழி சொல்லுகின்றன, வரைபடமும் அங்கிருந்தே வருகின்றது என்று எண்ணுவோர் உளர். அஃது உண்மையன்று. அமெரிக்க நாட்டாரால் நிறுவப்பெற்று 1995-ம் வருஷத்தில் முழு அளவில் செயற்படத் தொடங்கிய ஜி.பி.எஸ். அமைப்பில், நிலத்தினின்றும் ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில், 24-க்குக் குறையாத கோள்கள் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றும் தன்னிடமுள்ள அணுக்கடிகாரத்தின் நேரத்தையும், தான் நிற்கும் நிலையையும் ஓயாது ஒலிபரப்பிக்கொண்டிருக்கின்றது. அவ்வளவே அதன் தொழில். நம் கருவி நான்கு கோள்களின் குறிகளையேனும் பெற்று, அவை வந்து சேர்ந்த நேரத்தைக் கொண்டு கணக்கிட்டுத் தன்னிடத்தைத் தானே அறிந்துகொள்ளுகின்றது. கோள்களுக்கு நம்மைத் தெரியாது. சாலையும் தெரியாது, ஆறும் தெரியாது. ‘நீ இவ்விடத்தில் நிற்கின்றாய்’ என்னும் முடிவுக்கு வர அவை துணைசெய்யும். ‘இவ்விடத்தில் என்ன உளது’ என்று கூறுவது வரைபடமே. தொலைத்தொடர்புக் கோபுரம் எட்டாத மலையில், அவ்வரைபடம் முழுவதும் நம் கையிலுள்ள கார்டினுள்ளேதான் இருத்தல் வேண்டும்.

1802-ம் வருஷத்தில் வில்லியம் லாம்ப்டன் என்பார் சென்னைப் பரங்கிமலையினருகே ஓர் அடிக்கோடு அளந்து, இந்திய நாட்டு நிலவளவையைத் தொடங்கினார். அவ்வேலைக்குப் பயன்பட்ட தியோடலைட் என்னும் கோணமானி அரை டன் நிறையுள்ளது. மலைமேலும் கோபுரங்கள்மேலும் அதனை ஏற்றி இறக்கிய கூலியாட்களின் முதுகு என்ன பாடுபட்டிருக்கும்! அவ்வாறு தலைமுறை தலைமுறையாக அளந்து பெற்ற நிலவறிவின் பயன், 15 மில்லிமீட்டர் நீளமும் 11 மில்லிமீட்டர் அகலமுமாய், ஒரு கிராமுக்கும் குறைந்த எடையுள்ள ஒரு தகட்டில் இன்று அடங்கிவிடுகின்றது. அடங்குவது வியப்பே. ஆனால் அத்துணைப் பொருளைத் தாங்குவதனை வாங்குவதில் நாம் காட்டும் அசட்டை அதனினும் பெரிய வியப்பு.

இனி, எத்தகைய கார்டைத் தெரிந்தெடுத்தல் வேண்டும்? பெரியதைத் தேடவேண்டா, விரைந்ததைத் தேடவேண்டா, மெய்யானதைத் தேடுக என்பதே நம் கருத்து. இதனைச் சிறிது விளக்குவோம்.

கொள்ளளவைப் பற்றி வீண் ஆசை மிகுதி. வழிகாட்டிக் கருவிகளின் வரைபடம் ஒளிப்படம் போன்றதன்று. சாலையின் வளைவுகளைப் புள்ளிகளின் எண்களாகவும், ஊர்களைப் பெயர்களாகவும் அது சேமித்து வைக்கின்றது. திரையில் வரையும் வேலையைக் கருவியே செய்துகொள்ளுகின்றது. ஆதலின் ஒரு நாடு முழுவதற்குமான படமும் பெரும்பாலும் சில ஜி.பி. அளவினுள் அடங்கிவிடும். மேலும், ஃபாட் 32 என்னும் கோப்புமுறையைக் கையாளும் கருவிகளில் எந்தத் தனிக் கோப்பும் 4 ஜி.பி.க்கு மேற்போதல் இயலாது. நிலைமை இவ்வாறிருக்க, ஒரு மாவட்டத்து மலையேற்றத்திற்கு 64-ம் 128-ம் எதற்கு? ஆழாக்கு அரிசிக்கு அண்டா தேடிய கதையாகவன்றோ முடியும்! சோறு வேகாமற் போனாலும் போகலாம். எவ்வாறெனில், கருவிகள் எல்லாக் கார்டுகளையும் ஏற்பதில்லை. 1999-ம் வருஷத்தில் ஸான்டிஸ்க், தோஷிபா, மாட்சுஷிட்டா ஆகிய மூன்று நிறுவனத்தார் கூடி வெளிப்படுத்திய எஸ்.டி. கார்டு முதலில் 2 ஜி.பி. வரை மட்டுமே செல்லத்தக்கது. 2006-ல் வந்த எஸ்.டி.எச்.சி. வகை 32 ஜி.பி. வரையிலும், 2009-ல் வந்த எஸ்.டி.எக்ஸ்.சி. வகை 2 டி.பி. வரையிலும் செல்லும். இம்மூன்றாம் வகைக்கு எக்ஸ்ஃபாட் என்னும் வேறொரு கோப்புமுறை விதிக்கப்பட்டுள்ளது. பழைய கருவிகள் பலவற்றிற்கு அது புரியாத பாஷை. நம் கருவியோடு வந்த சிறு புத்தகத்தில் எவ்வகைக் கார்டு, எத்துணை அளவு வரை ஏற்கும் என்று அச்சிட்டிருக்கும். அதனை வாசித்தபின் கடைக்குச் செல்லுதல் நன்று. வாசித்திருந்தால் நாமும் 64-ஐ வாங்கியிரோம். 16 அல்லது 32 ஜி.பி. உள்ள எஸ்.டி.எச்.சி. கார்டு நம் போன்றோர்க்குப் போதியது என்பது நம் துணிபு.

32 என்று வாங்கிய கார்டு கணினியில் 29.8 என்று காட்டுவது கண்டு கடைக்காரரோடு வழக்காடுவோர் உண்டு. அது மோசடியன்று. உற்பத்தியாளர் ஒரு ஜி.பி.யை நூறு கோடி பைட்டாகக் கொள்ளுகின்றனர். கணினியோ ஆயிரத்திருபத்துநான்கின் மடங்குகளாற் கணக்கிடுகின்றது. மெய்யான மோசடி இதனினும் வேறு. அதற்குப் பின்னர் வருவோம்.

வேகத்தைப் பற்றிச் சுருங்கக் கூறினால் போதும். கார்டின்மேல் வட்டத்தினுள் 10 என்றும், யு 3 என்றும், வி 30 என்றும் பொறித்திருப்பன எல்லாம் எழுதும் வேகத்தின் குறைந்தபட்ச அளவுகளாகும். வினாடிக்கு முறையே 10, 30, 30 எம்.பி. என்பது பொருள். திரைப்படம் பிடிப்போர்க்கு இவை தேவை. வரைபடமோ வருஷத்தில் ஓரிரு முறை எழுதப்பெற்று, ஏனைய நாளெல்லாம் வாசிக்கப்படுவது. 3 ஜி.பி. படத்தை வினாடிக்குப் பத்து எம்.பி. வீதம் ஏற்றினாலும் ஐந்து நிமிஷத்தில் முடியும். அவ்வைந்து நிமிஷத்தை மூன்று நிமிஷமாக்க மிகுந்த விலை தருவது நமக்கு உவப்பன்று. கருவி வரைபடத்தை அங்குமிங்குமாகச் சிறு சிறு துண்டுகளாக வாசிப்பதால், அத்தகைய வாசிப்புக்கென வகுத்த ஏ 1 என்னும் குறியுள்ள கார்டு கிடைத்தால் நல்லதே, கிடைக்காவிடினும் குறையொன்றுமில்லை. காரின் முன் ஓயாது படம் பிடிக்கும் காமிராவுக்கெனச் செய்த நீடித்துழைக்கும் கார்டுகளை வாங்குமாறு கூறுவாரும் உளர். அவை அடுத்தடுத்து எழுதுதலைத் தாங்குவன. எழுதுதலே அரிதாகிய நம் வேலைக்கு அச்சிறப்பு வேண்டுவதில்லை.

இப்பொழுது போலியைப் பற்றிக் கூறுவோம். எங்களைப் பள்ளத்தினருகே நிறுத்தியது இதுவாதலின் இதில் சற்று விரிவாகவே பேச எங்களுக்கு உரிமை உண்டு. ஒவ்வொரு கார்டினுள்ளும் நினைவுச் சில்லும், அதனை ஆளும் சிறு கட்டுப்பாட்டுச் சில்லும் உள்ளன. ‘உன் கொள்ளளவு யாது?’ என்று கணினி வினவினால் விடை சொல்வது அக்கட்டுப்பாட்டுச் சில்லு. அதற்குப் பொய் கற்பித்துவிட்டால் எட்டை அறுபத்துநான்கு என்று கூசாது கூறும், கணினியும் நம்பும். எழுதிய கோப்புகள் மெய்யான எல்லை வரையில் நன்றாயிருக்கும். அதன் பின்னர் எழுதுவன தொலைந்துபோம். அன்றி, முன்னர் எழுதியவற்றின்மேலேயே படிந்து அவற்றையும் கெடுக்கும். நகல் எடுக்குங்கால் ஒரு பிழையும் தோன்றாமையே இவ்வஞ்சனையின் கொடுமை. மேலட்டையும் அச்சும் நற்பெயருள்ள நிறுவனத்தாருடையன போலவே இருப்பதால் கண்ணாற் காண்பது போதாது.

இதற்கு மருந்து ஒன்றே. கார்டு முழுவதையும் நிரப்பி எழுதி, எழுதியதைத் திரும்ப வாசித்து ஒத்துப் பார்த்தல் வேண்டும். விண்டோஸ் கணினிக்கு எச்2டெஸ்ட்டபிள்யூ என்னும் மென்பொருளும், லினக்ஸ், மாக் ஆகியவற்றிற்கு எஃப்3 என்னும் மென்பொருளும் இத்தொழிலைச் செய்வன. இரண்டும் விலையின்றிக் கிடைப்பன. வேலை முடியச் சிறிது நேரம் பிடிக்கும். இரவில் தொடங்கிவிட்டு உறங்கச் செல்லலாம். புதிதாக வாங்கிய கார்டை இச்சோதனைக்குட்படுத்தாமல் மலைக்கு எடுத்துச் செல்வது, கயிற்றை இழுத்துப் பாராமல் கிணற்றில் இறங்குவதையொக்கும்.

மெய்யான கார்டும் அழியாப் பொருளன்று. 1980-களில் தோஷிபா நிறுவனத்து மசுவோக்கா புஜியோ கண்டறிந்த ஃபிளாஷ் நினைவு முறையில், நுண்ணிய அறைகளில் சிறைப்பட்ட மின்னூட்டமே எழுத்தாக நிற்கின்றது. அம்மின்னூட்டம் ஆண்டுகள் செல்லச் செல்லக் கசியும். வெப்பம் அக்கசிவை விரைவுபடுத்தும். நம் நாட்டுச் சித்திரை வெயிலில் கண்ணாடிகளை மூடி நிறுத்திய காரின் முன்தட்டு கைவைக்க ஒண்ணாதபடி காய்வதை அறிவோம். கருவியை அங்கேயே மாதக்கணக்காக விட்டுவைத்துப் பின்னர்க் கார்டைக் குறைகூறுவது நியாயமன்று. எழுதிக்கொண்டிருக்கும்போதே கார்டைப் பிடுங்குவதும் கோப்பு வரிசையைக் குலைக்கும். பெரிய எஸ்.டி. கார்டின் விளிம்பில் உள்ள சிறு தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டால் எழுத இயலாது என்று நம்பியிருப்போர்க்கு ஒரு வார்த்தை: அத்தாழ்ப்பாள் ஓர் அடையாளமேயன்றிப் பூட்டன்று. அதனைக் கண்டு அடங்குவது கார்டைத் தாங்கும் கருவியின் நல்லொழுக்கத்தைப் பொறுத்தது. மைக்ரோ எஸ்.டி. கார்டில் அதுவும் இல்லை.

ஆகையால் ஒரே கார்டை நம்புதல் கூடாது. வரைபடக் கோப்பின் படியொன்று வீட்டுக் கணினியிலும், சோதித்த இரண்டாம் கார்டொன்று பையிலும் இருத்தல் வேண்டும். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்னும் பொதுப்படம் 2004-ல் ஸ்டீவ் கோஸ்ட் என்பாரால் இங்கிலாந்தில் தொடங்கப்பெற்று, உலகெங்குமுள்ள தொண்டர்களால் வளர்ந்து வருவது; அதிலிருந்து செய்த படங்களைப் பொருட்செலவின்றிப் பெற்று எத்தனை கார்டிலும் ஏற்றிக்கொள்ளலாம். கார்மின் நிறுவனத்தார் கருவிகள் பலவற்றில் அக்கோப்பு ‘கார்மின்’ என்று பெயரிட்ட கோப்புறையினுள் இருத்தல் வேண்டும் என்பதை மட்டும் மறவாதிருக்க. கார்களில் நிலையாய்ப் பொருத்திய கருவிகளின் நிலை வேறு. சில உற்பத்தியாளர் தரும் கார்டு அவ்வண்டியோடு பிணைக்கப்பெற்றிருக்கும். வேறு கார்டில் படியெடுத்தால் ஓடாது. அத்தகையோர்க்கு நம் யோசனை பயன்படாது.

‘எல்லார் கையிலும் போன் இருக்கத் தனிக் கருவியும் கார்டும் எதற்கு?’ என்று நம் விடுதி நண்பர்கள் நகைக்கின்றனர். நகைப்பில் உண்மை இல்லாமலில்லை. போனிலும் வரைபடத்தை முன்னரே இறக்கி வைத்துக்கொண்டால் கோபுரமின்றியும் வழி காணலாம். ஆனால் அன்று மலையில் எழுவர் கையிலும் போன் இருந்தது. முன்னரே படத்தை இறக்கி வைத்தவர் எழுவருள் ஒருவருமில்லை. குளிரிலும் ஓயாது படம் பிடித்ததிலும் நான்கின் மின்கலம் ஓய்ந்துவிட்டது. இரண்டு பென்சில் பாட்டரிகளை மாற்றினால் மீண்டும் விழிக்கும் கைக்கருவியை நாம் கைவிட ஒருப்படோம். காகிதப் படத்தையும் இனி உடன் கொண்டு செல்வோம். அதற்கு ஃபார்மட் வேண்டா.

ஏழை மாணாக்கர்க்கு விலை ஒரு தடையன்றோ எனில், 64 என்று பொய் கூறிய கார்டுக்கு நாம் தந்த பணத்தில், நம்பத்தக்க வியாபாரியிடம் மெய்யான 16 ஜி.பி. கார்டு வாங்கியிருக்கலாம் என்பதைப் பின்னர் விசாரித்தறிந்தோம். மிச்சம் பிடித்ததாக எண்ணிய பாதிப் பணம் எங்கே போயிற்று என்று கழகப் பொருளாளர் கேட்டபொழுது எங்களால் விடை சொல்ல இயலவில்லை.

சென்ற மாதம் கழகத்தார் 32 ஜி.பி. கார்டுகள் இரண்டு வாங்கி, இரவு முழுவதும் சோதித்து, ஒவ்வொன்றின் சோதனை நாளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்துள்ளனர். புறப்படுமுன் விடுதி முற்றத்தில் கருவியைத் திறந்து, போகவிருக்கும் மலையின் பாதையை இருவர் கண்ணாற் கண்டு அக்குறிப்பேட்டில் கையெழுத்திடுதல் வேண்டும் என்பதும் இப்பொழுது விதியாகியுள்ளது. கால் பிசகிய மாணவரே குறிப்பேட்டுக்குப் பொறுப்பாளர். பழைய கார்டு கழக அறையின் அறிவிப்புப் பலகையில், 64 என்னும் எழுத்துத் தெரியுமாறு, குண்டூசியால் குத்தி வைக்கப்பட்டிருக்கின்றது.